தியேட்டரை விட்டு முதலில் போனவர்கள் பெண்கள்

தியேட்டருக்கு ஜனம் ஏன் வருவதில்லை என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஓடிடி என்கிறார்கள், டிக்கெட் விலை என்கிறார்கள், முதல் காட்சி முடியும் முன்பே யூடியூப் விமர்சகர்கள் படத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள் என்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான் படித்தவரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் பெரிய நகரத்தில் இருப்பவர்கள். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் தையல் கடை வைத்து, தினமும் பெண்களோடு பேசிக்கொண்டே இருக்கிற எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கூட்டம் குறைந்தது ஓடிடி வருவதற்கு ரொம்ப முன்பே. பெண்கள் வருவது குறைந்த அந்தக் காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெண்டுக் கொட்டகைக் காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டு கேட்டால், ஆட்டம் தொடங்கப் போகிறது என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கைவேகம் கூடும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு தடுப்பு. டிக்கெட் கொடுக்கும் இடமும் தனித்தனி. தரை டிக்கெட் வாங்கினால் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்துகொள்ளலாம். பகலெல்லாம் களையெடுத்தவர்கள், ராகி அறுத்தவர்கள், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்வார்கள். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டமாகப் போவோம். ஆம்பிளைத் துணை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அங்கே ஊரே இருந்தது.

இதைப் பழைய நினைவு என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம் என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாலும் வேலை அவளை விடாது. யாராவது தண்ணி கேட்பார்கள், மாடு கத்தும், மாமியார் கூப்பிடுவார். இருட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. கை சும்மா இருக்கும். அழுகை வந்தால் அழலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்தபோது கூட அழாமல் இருந்த ஒரு பெரியம்மா சினிமாவில் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கென்று வேறு இடம் அவர்களுக்கு இருந்ததா? கோயில் ஒன்றுதான். அதற்கு அடுத்தபடி கொட்டகை.

பிறகு டிவி வந்தது. 1993இல் சன் டிவி தொடங்கி, அந்தப் பத்து வருஷத்துக்குள் கேபிள் கிராமம் வரை வந்துவிட்டது. சீரியல் வந்தது. 2006க்குப் பிறகு அரசே இலவச கலர் டிவி கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. மேட்னி பார்க்க வந்துகொண்டிருந்த பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தெரியாத பாதி என்னவென்றால், அப்போது தியேட்டர்கள் என்ன செய்தன என்பது. போனவர்களைத் திரும்பக் கூப்பிட எதுவும் செய்யவில்லை. பெண்களுக்கென்று இருந்த கவுண்டரை மூடினார்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற பையன்கள் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ சின்ன ஊர்த் தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறியது இதன் பிறகுதான்.

வியாபாரக் கணக்கிலும் இது தப்பு என்றே சொல்வேன். வசூலில் முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பெரிய பங்கு போகும். வாரம் ஏற ஏறத்தான் தியேட்டர்காரர் பங்கு கூடும். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் படம் ஓடினால்தான் தியேட்டர் பிழைக்கும். அந்த வாரங்களில் வருகிறவர்கள் யார்? பெண்களும் குடும்பங்களும்தான். முதல் நாள் முதல் காட்சிக்கு எந்தப் பெண்ணும் அடித்துப் பிடித்து ஓட மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து "நல்லா இருக்கு, போய் வா" என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை கூலி கைக்கு வர வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை முடிய வேண்டும். இதெல்லாம் சேர்ந்து வர பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ராத்திரி பத்தரைக்கு ஒரே ஒரு காட்சி வைக்கிறார்கள். நாலு வாரத்தில் அதே படம் போனில் வந்துவிடுகிறது. மெதுவாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிற வழக்கமே தொழிலில் இல்லாமல் போய்விட்டது.

2025 மே 1ஆம் தேதி சசிகுமார், சிம்ரன் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. பெரிய ஹீரோ கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. வாய்ச் சொல்லிலேயே கூட்டம் ஏறியது, வாரக்கணக்கில் ஓடியது. என் கடைக்கு வருகிறவர்களில் வருஷக்கணக்காகத் தியேட்டர் பக்கம் போகாதவர்கள் கூட அதற்குப் போனார்கள். ஜூன் தொடக்கத்திலேயே அது ஓடிடிக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மல்டிபிளெக்ஸில் டிக்கெட் உச்சவிலை 2017 முதல் 150 ரூபாய், வரி சேர்த்து 180, 190 ஆகிறது. நம் ஊர் ஒற்றைத் திரை தியேட்டர்களில் இதைவிடக் குறைவுதான். நாலு பேர் ஓசூருக்கோ சேலத்துக்கோ போய்ப் பார்த்தால் டிக்கெட்டுக்கு மட்டும் எழுநூறைத் தாண்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். இரண்டு நாள் முழுக் கூலி டிக்கெட்டுக்கே போதாது. அப்புறம் ஆன்லைன் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், இடைவேளையில் பிள்ளை அழுதால் வாங்கித் தர வேண்டிய பாப்கார்ன். தியேட்டரில் விற்கிற தின்பண்டத்துக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்று 2023 ஜூலையிலேயே தெளிவுபடுத்தினார்கள். பாப்கார்ன் விலை குறைந்ததாக எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. வெளியே இருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சொல்லத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிதண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

விலையாவது பேசப்படுகிறது. பேசப்படாதது கழிப்பறை. ஆண்கள் எழுதிய எந்தப் பதிவிலும் நான் இதைப் பார்த்ததில்லை. மூன்று மணி நேரப் படம், அதற்கு முன் பஸ் பயணம், திரும்ப ஒரு பஸ் பயணம். மாதவிலக்கு நாளாக இருந்தால்? சர்க்கரை வியாதி இருக்கிற அம்மாவைக் கூட்டிப்போனால்? எங்கள் பக்கத்தில் ஒரு தியேட்டரில் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாமல், ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்கும் எரியவில்லை. அதற்குப் பிறகு என் நாத்தனார் தியேட்டருக்கு வரவே இல்லை. படம் நல்லா இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் பெண்கள் கேட்பது அங்கே பாத்ரூம் எப்படி என்றுதான். இதைச் சரிசெய்ய எந்த நடிகரின் சம்பளத்தையும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு தாழ்ப்பாள், ஒரு பல்பு, தண்ணீர், கழுவ ஒரு ஆள்.

அடுத்தது, என்ன படம் காட்டுகிறார்கள் என்பது. ரஜினி படம் என்றால் பாட்டி முதல் பேரன் வரை வண்டி கட்டிப் போன பக்கம் இது. அவருடைய முன்னோர் ஊரான நாச்சிக்குப்பமே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளி பக்கம்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த ‘கூலி’க்கு ஏ சான்றிதழ். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு அம்மா மட்டும் படத்துக்குப் போவாளா? அவள் போகவில்லை என்றால் அப்பாவும் நண்பர்களோடு போய்விட்டு வந்துவிடுவார், அவ்வளவுதான். தணிக்கைக் குழுவை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு ரத்தத்தைக் காட்டினால் அந்தச் சான்றிதழ்தான் சரி. ரத்தம் இல்லாமல் பெரிய ஹீரோவுக்குக் கதை எழுத முடியாது என்று ஆகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்தப் பெரிய படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்று ஓசூர்ப் பக்கம் போனால் தெரியும். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி கிடையாது என்றானதும், பையன்கள் விடியற்காலைக் காட்சிக்கு அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குப் போகிறார்கள். அவர்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, என் அண்ணன் மகனும் அதில் ஒருத்தன். ஆனால் அவர்கள் ஒரு படத்தை மூன்று நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். நாலாவது நாள் நாற்காலியில் யார் உட்காருவது?

பெண்களுக்குக் கதை பார்க்கிற ஆசையே போய்விட்டது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது வந்து பாருங்கள். விடிய விடியக் கூத்து. பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பாஞ்சாலி சபதம் போடும்போது ஒரு சத்தம் இருக்காது. கடைசி நாள் படுகளத்தில், அதாவது போர்க்களக் காட்சியில், துரியோதனன் மண்ணுருவத்தின் தொடையில் பீமன் அடிக்கிறானே, அது வேடிக்கையா? கூட்டமாக உட்கார்ந்து ஒரு கதையை அனுபவிக்கிற பசி அப்படியே இருக்கிறது. கூத்துக்கு அவர்கள் வருவது, அங்கே அவர்களுக்கு இடம் இருப்பதால்.

போன் இருக்கிறதே என்பார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் நல்ல போன் மகன் கையில்தான் இருக்கிறது. ஓடிடிக்குப் பணம் கட்டுகிறவர்கள் அதிலும் கொஞ்சம் பேர். பெண்கள் பார்ப்பது தீபாவளி, பொங்கலுக்கு டிவியில் போடும் படம், அதுவும் வடை சுட்டுக்கொண்டே. முன்பெல்லாம் படத்தில் பார்த்த ரவிக்கை மாதிரி வேண்டும் என்று கையாலேயே முதுகில் வரைந்து காட்டுவார்கள். படத்தில் ஒரு முறைதான் பார்த்திருப்பார்கள், ஆனால் அளவு வரை சரியாக நினைவில் இருக்கும். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள் இப்போது எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை.

இப்போது பெண்கள் கையில் முன்பு இல்லாத சில வசதிகள் இருக்கின்றன. 2021இலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 வருகிறது. அதற்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023இல் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் தொப்பூரில்தான். ஓசூர்ப் பக்க ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சொந்தச் சம்பளம் வாங்குகிறார்கள், விடுதியில் தங்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போக இடம் தேடுகிறார்கள். பஸ் இலவசம், கையில் கொஞ்சம் பணம். ஆனால் ஆறரை மணிக் காட்சி விடுவதற்குள் எங்கள் பக்கக் கிராமத்துக்கெல்லாம் கடைசி டவுன் பஸ் போய்விடும். காட்சி நேரம் போடுகிறவர் பஸ் நேரத்தை ஒரு முறையாவது பார்த்திருப்பாரா?

தியேட்டர் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வார நாளில் மதியம் இரண்டு மணிக் காட்சியை நூறு ரூபாய்க்குள் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேலே போனால் 18. ஐந்து, ஐந்தரைக்குள் படம் விட்டால் எல்லா ஊருக்கும் பஸ் இருக்கும். கவுண்டரில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்க வழி வையுங்கள். நல்ல குடும்பப் படம் என்றால் மூன்றாம் வாரமும் அந்த ஒரு காட்சியை எடுத்துவிடாதீர்கள்.

ஆள் வருமா என்ற பயம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஒன்றாக இருந்த நம் தருமபுரி மாவட்டத்தில். குழு இல்லாத ஊர் இப்போது கிடையாது. மாதாமாதம் கூட்டம் போடுகிறோம், ஒருத்தர் சொன்னால் இருபது வீட்டுக்குச் செய்தி போகும். எந்தப் படம், எந்த நாள், என்ன விலை என்று ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். எங்கள் பஞ்சாயத்தில் இருக்கிற குழுக்களிடம் நானே பேசிப் பணத்தை முன்கூட்டியே வசூல் செய்து தருகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், தருமபுரி, காவேரிப்பட்டணம் எந்த ஊராக இருந்தாலும் சரி. இதைப் படிக்கிறவர்களில் தியேட்டர்காரர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அவர்களிடம் காட்டுங்கள். முதலில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.