ஹெராக்லியோனில் எண்ணைப் பார்க்கும் முன் காற்றின் திசையைப் பாருங்கள்

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவின் வடகரையில் இருக்கிறது ஹெராக்லியோன். இன்று அங்கே காற்று எப்படி என்று கேட்டால், கைபேசியில் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 120 என்று காட்டுவது பாதிப் பதில்தான். மார்ச்சில் அந்த 120 பெரும்பாலும் சகாராத் தூசி. ஜூலை மதியத்தில் ஓசோன். ஜனவரி இரவில் பக்கத்து வீட்டுக் கணப்பில் எரியும் ஆலிவ் விறகு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் காசுதான் போகும்.

முதலில் தெற்குக் காற்று. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வட ஆப்பிரிக்கக் கரையோரமாக நகரும் தாழ்வழுத்தங்கள் தூசியைக் கிளப்பி வடக்கே தள்ளும். அந்தக் காற்று 2456 மீட்டர் உயர சிலோரிதிஸ் மலையில் ஏறி, இந்தப் பக்கம் இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. நடுராத்திரியில் திடீரென்று வெப்பம் ஏறி ஈரப்பதம் சரிந்தால் தெற்குக் காற்று இறங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். வானம் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஜன்னலைச் சாத்துங்கள். 2018 மார்ச் 22 அன்று தீவே செம்மஞ்சள் வெளிச்சத்தில் கிடந்தது. அந்த அளவுக்குப் போனால் நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பதுதான் வழி.

தூசியா புகையா என்று பிரிக்க எளிய கணக்கு உண்டு. பிஎம் 2.5-ஐ (2.5 மைக்ரோமீட்டர் வரையிலான நுண்துகள்) பிஎம் 10-ஆல் (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்) வகுங்கள். 0.3 பக்கம் வந்தால் தூசி, 0.7-ஐத் தாண்டினால் புகை. இந்தக் கணக்கை அரசு நிலைய அளவீட்டில் மட்டும் போடுங்கள். பால்கனியில் மாட்டும் மலிவு லேசர் சென்சாருக்குப் பெரிய துகள்கள் சரியாகத் தெரிவதில்லை. நுண்துகளை எண்ணி, பிஎம் 10 இவ்வளவு இருக்கலாம் என்று அது ஊகிக்கிறது. வெளியே கார் கண்ணாடியில் தூசியால் பெயர் எழுதலாம், சென்சார் மட்டும் பச்சை காட்டும்!

தூசி நின்றதும் உலர்ந்த துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால்தான் படிந்தது மறுபடி கிளம்பாது. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுவதால் அதை ஓட்டலாம். பிறகு வடிகட்டியைக் கழுவிவிடுங்கள். தூசியோடு மழையும் சேர்ந்தால் சேற்று மழை. மாடியில் சூரியத் தகடு இருந்தால் காலையில், தகடு சூடேறும் முன், தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகே துடையுங்கள். உலர்ந்த துணி போட்டால் கண்ணாடி கீறும்.

இங்கே ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி பிஎம் 10-இன் ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமை ஆண்டுக்கு 35 நாளுக்கு மேல் தாண்டக் கூடாது. இயற்கைத் தூசியால் தாண்டியது என்று நிரூபித்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். சகாராவுக்காக ஒரு நகராட்சியைத் தண்டிக்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் கழித்த பிறகு வரும் எண்ணை வைத்து "காற்று நன்றாக இருக்கிறது" என்று பேசுவது ஏமாற்று. நுரையீரல் எதையும் கழிப்பதில்லை.

கோடையில் மெல்தேமி எனும் வடக்குக் காற்று வீசும். வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருக்கும். ஆனால் வடக்கே ஐரோப்பாவின் புகைகள் வெயிலில் வெந்து உருவான ஓசோனும் கூடவே வருகிறது. கிழக்கே ஊரே இல்லாத இடத்தில் கிரீட் பல்கலைக்கழகம் நடத்தும் ஃபினோகாலியா நிலையத்திலும் கோடையில் ஓசோன் தூக்கலாகத்தான் இருக்கிறது. நகருக்குள் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். எனவே மலைக்கிராமத்துக்குப் போனால் தப்பலாம் என்பது தப்புக்கணக்கு. ஓசோன் வாயு என்பதால் முகக்கவசமும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் அதைத் தடுக்காது, கரி வடிகட்டி வேண்டும். அதைவிட மலிவான வழி, ஓட்டத்தைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட்டு மதியம் ஜன்னலைச் சாத்துவது. சுவரிலும் துணியிலும் பட்டே உள்ளே ஓசோன் சிதைந்துவிடும்.

குளிர்காலம் வேறு கதை. 2012-ல் கிரீஸில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான வரி உயர்ந்ததும் பலர் விறகுக்கு மாறினார்கள். காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிய, புகை மேலே போக வழியில்லை. ஆலிவ் விறகு நல்ல விறகுதான், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால். பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காய வேண்டும். கவாத்து செய்த பச்சைக்கிளையை அப்படியே அடுப்பில் திணித்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போகும், சரியாக எரியாத புகை தாராகப் புகைபோக்கியில் ஒட்டும். ஹெப்பா கருவிக்கு உண்மையான வேலை இந்த இரவுகளில்தான்: 12 சதுர மீட்டர் அறைக்கு மணிக்கு 160 கன மீட்டர் தரும் கருவி போதும்.

அந்த மலிவு சென்சார் புகையை ஓரளவு சரியாகவே காட்டும். ஆனால் கடலோர ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீர் உறிஞ்சி ஊதிவிடும், எண்ணும் கூடவே ஊதும். அப்படி ஏறினால் ஒருமுறை பால்கனிக்குப் போய் முகர்ந்து பாருங்கள். விறகு வாசனை இல்லையென்றால் அது அனேகமாக ஈரம்தான்.