திருகோணமலை நிருபருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

பத்திரிகைகள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன என்று கொழும்பில் அடிக்கடி கருத்தரங்கு வைக்கிறார்கள். மாறியிருக்கின்றன, மறுக்கவில்லை. 1930இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932இல் தொடங்கிய தினகரனையும் இன்று கைபேசியிலேயே படித்துவிடலாம். 2022 மார்ச்சில் அச்சுத்தாள் கிடைக்காமல் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை இணையத்தில் மட்டும் வெளியிட்டபோதே, இனித் தாளை நம்பியிருக்க முடியாது என்பது விளங்கிவிட்டது. என் கவலை தாளைப் பற்றியது அல்ல, ஆளைப் பற்றியது.

திருகோணமலையில் பிரதேச நிருபர் என்றால் யார்? பெரும்பாலும் பகலில் வேறொரு தொழில் பார்ப்பவர். பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் காசு வரும். பஸ் செலவும் பெற்றோலும் அவருடையவை. முன்பு செய்தியை எழுதித் தொலைநகலில் அனுப்பினால் போதும். இப்போது செய்தி, படம், காணொளி எல்லாம் வேண்டும், அதுவும் மற்றவன் போடுவதற்கு முன்னால் வேண்டும். வேலை மூன்று மடங்காகிவிட்டது. கொடுப்பனவு பழைய இடத்திலேயே நிற்கிறது என்கிறார்கள் எனக்குத் தெரிந்த நிருபர்கள். நிர்வாகங்கள் ‘டிஜிட்டல் மாற்றம்’ என்று பெருமையாகச் சொல்வதில் பாதி இதுதான்.

அப்படிப்பட்ட ஒரு நிருபர் என்ன செய்ய முடியும் என்பதை இந்த ஊர் அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சு. சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் சுடப்பட்டிருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் வேலைக்குப் புறப்பட்டவரை வீதியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவர் முழுநேரச் செய்தியாளர்கூட அல்லர். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்.

இன்று எல்லோர் கையிலும் கமரா இருக்கிறதே, பிறகெதற்கு நிருபர் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையதை அகற்றிய இடத்தில் ஓடிய படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அன்று என் கைபேசி வட்ஸ்அப் காணொளிகளால் நிரம்பி வழிந்தது. ஒரே காணொளி பத்துப் பக்கங்களில், பத்துப் பெயர் பொறித்து. குழந்தைகளின் முகத்தை மறைக்கவேண்டும் என்ற எண்ணம்கூடப் பலருக்கு வரவில்லை. சரி, அந்தப் படகுப் பாதைக்கு அனுமதி கொடுத்தது யார்? வழக்கு என்ன ஆனது? இதற்கு ஒருவர் தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்குப் போய் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்; நகர சபைக் கூட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட செய்தியை இருநூறு பேர்தான் பார்ப்பார்கள். விளம்பரக் காசு பார்வைக் கணக்கில் வரும்போது எந்த ஆசிரியர் அதற்கு ஆளை அனுப்புவார்?

தமிழ்ப் பத்திரிகைகளைத் தாங்கி நின்றது தலையங்கம் அல்ல. மரண அறிவித்தல், மணமக்கள் விளம்பரம், அரசாங்கத்தின் கேள்வி மனு அறிவித்தல், இவைதான். (என் வீட்டில் பெரியவர்கள் முதலில் திருப்பியது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான்.) புலம்பெயர்ந்தவர்கள் இப்போது அதை இணையத்தளங்களில் போடுகிறார்கள், ரொறன்ரோவிலிருந்தே இறுதிக்கிரியையை நேரலையில் பார்க்கிறார்கள். அது அவர்களுக்கு வசதி, குறை சொல்ல முடியாது. பத்திரிகைக்கு மட்டும் ஒரு பக்கம் போனது.

போன வருமானத்தை முகநூலில் தேடலாம் என்று நினைத்தவர்களுக்கு 2017 ஒக்டோபர் ஞாபகம் இருக்கவேண்டும். பணம் கட்டாத பக்கங்களின் பதிவுகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து வேறோர் ஓரத்தில் ஒதுக்கி, ஆறு நாடுகளில் முகநூல் பரிசோதித்துப் பார்த்தது. அந்த ஆறில் இலங்கையும் ஒன்று. அடுத்த மார்ச்சில் கைவிட்டார்கள். கனடாவில் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சட்டம் வந்ததும், 2023 ஆகஸ்டில் அங்கே செய்திகளையே தூக்கிவிட்டார்கள். வாடகை வீட்டில் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருக்கிறோம். நானும் இதை முகநூலில்தான் எழுதுகிறேன், தெரியும்.

என்னைக் கேட்டால், மாவட்டத்துக்கு ஒரு முழுநேர நிருபர் வேண்டும். மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, செய்தியின் மேல் அவருடைய பெயர். வெருகலிலிருந்து குச்சவெளி வரை காணி, மீன்பிடி, வைத்தியசாலை, பாடசாலை என்று அவர் அலைந்து எழுதட்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் நடப்பதை ஒரே கண்ணால் பார்த்து எழுதட்டும். ‘திருகோணமலைப் பக்கம்’ என்று மாதச் சந்தா வைத்தால் கட்டுவேன். டேட்டாவுக்குப் போடும் காசில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் வெளிநாட்டு உறவுகளும் கட்டுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தப் பத்திரிகையும் எங்களிடம் அதைக் கேட்டதில்லை. மணியை அழுத்துங்கள், பகிருங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

அப்படியொரு சந்தாவை யாராவது தொடங்கியிருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள். இன்றே கட்டிவிடுகிறேன்.