ஆந்தையின் கண்ணும் ஒரு வாசகர் கடிதமும்

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் (எந்த இதழிலும் பணியில் சேராமல் தனித்து எழுதுபவர்) தமக்குப் பிடித்ததை மட்டுமே எழுதி வாழலாம், வாசகர்களோடு நல்ல உறவும் அமையும் என்று இத்தொழிலைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் கூறுவதை, பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. எழுதுவதற்குச் செலவாகும் அளவு நேரம், இதழாசிரியர்களுக்குக் கட்டுரை யோசனைகளை அனுப்பிக் காத்திருப்பதிலும், படைப்பு வெளியான பின்னரே வரும் சன்மானத்தை நினைவூட்டிப் பெறுவதிலும் கழிந்துவிடுகிறது. மாதச் சம்பளமோ விடுப்புக்கு ஊதியமோ கிடையாது.

ஆனால் வாசகர் உறவைப் பற்றி அவர் எழுதியிருப்பது முற்றிலும் உண்மை. ஒருமுறை, ஆந்தை ஒன்று கண்களை உருட்டி என்னைப் பார்த்ததாக (அழகுக்காகச் சேர்த்த வரிதான்) எழுதியிருந்தேன். ஆந்தையின் கண்கள் உருண்டையாக இல்லாமல் குழல் வடிவில் எலும்பு வளையத்துக்குள் இறுகப் பொருந்தியிருப்பதால் அவற்றை உருட்டவே இயலாது என்றும், அதை ஈடுசெய்யத்தான் அது கழுத்தைச் சுமார் 270 பாகை வரை திருப்புகிறது என்றும் ஒரு வாசகர் பொறுமையாக விளக்கிக் கடிதம் அனுப்பினார். வெட்கத்துடன் திருத்தம் வெளியிட்டேன். அதன்பின் பறவைகளைப் பற்றி எதை எழுதினாலும், இதழுக்கு அனுப்பும் முன் அவரிடமே படிக்கக் கொடுக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட அவர் பிழை காணாமல் திருப்பித் தந்ததில்லை.