மீன் செத்ததற்குத் திட்டு எதற்கு?

மீன் வளர்ப்பவர்கள் கூடும் இடத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், "தொட்டி வச்சு அஞ்சு நாள்தான் ஆச்சு, மூணு மீன் செத்துப்போச்சு, ஏன்ணே?" என்று கேட்டால் போதும். "இதுகூடத் தெரியாம எதுக்கு வாங்கினீங்க?" என்று ஒருவர் பாய்கிறார். "நைட்ரஜன் சுழற்சியைப் படிச்சிட்டு வாங்க" என்று இன்னொருவர் பேச்சை முடித்துவிடுகிறார். பற்றிக்கொண்டு வருகிறது. கடையில் தொட்டியையும் தங்கமீனையும் ஒரே நாளில் கட்டிக்கொடுத்து அனுப்பினால் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சுழற்சி இதுதான்: மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை அம்மோனியா சேர்ந்தால் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். கால்வாசித் தண்ணீரை உடனே மாற்றச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கலந்துதான் ஊற்ற வேண்டும். தீனி பாதி போதும். பளிச்சென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதுதான் பெரிய தப்பு, குளோரின் அந்த பாக்டீரியாவையே கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். இவ்வளவுதானே, சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

இன்னும் மனசிருந்தால், நோயில்லாத உங்கள் பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டு, அவர் ஃபில்டரில் வைக்க அன்றே கொடுத்துவிடுங்கள். காயவிட்டால் பாக்டீரியா போய்விடும்.