கஞ்சி ஒரு டம்ளர் பக்கத்து வீட்டுக்கும் போகும்

போன வாரம் ஒரு இளம் டாக்டர் தன் ஆராய்ச்சித் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். ரத்தசோகை உள்ள கிராமத்துப் பெண்களுக்குச் சத்துமாவு. ஒரே தெருவில் இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று குலுக்கல் போட்டுப் பிரித்திருந்தார். "ஆளாளுக்கு ரேண்டமைஸ் செய்வதுதானே சார் சிறந்த முறை?" என்றார்.

மாவு வீட்டுக்குள் போனதும் என்ன ஆகும்? மாமியாருக்கும் சேர்த்துத்தான் கஞ்சி காய்ச்சுவார்கள். மாவு கிடைக்காத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு டம்ளர் போகும். கடைசியில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நல்ல மாவையே 'பயனில்லை' என்று எழுதிவிடுவோம்.

ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வை அவருக்குச் சொன்னேன். டிபி நோயாளியின் குடும்பத்தார் நன்றாகச் சாப்பிட்டால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பது கேள்வி. ஒரே வீட்டுச் சோற்றைப் பிரிக்க முடியாதே. அதனால் 4 மாவட்டங்களின் 28 டிபி யூனிட்டுகளை (டிபி சிகிச்சையைக் கவனிக்கும் நிர்வாகப் பகுதிகள்), யூனிட் யூனிட்டாக ரேண்டமைஸ் செய்தார்கள். இதற்கு ஆட்கள் அதிகம் வேண்டும். ஒரே பகுதி மக்கள் பல விதத்தில் ஒன்றுபோல இருப்பதால் ஒவ்வொருவரையும் தனித்தனிச் சான்றாக எண்ண முடியாது. 10,345 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கிடைத்த குடும்பங்களில் டிபி 39% குறைந்தது. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒப்பீட்டுப் பகுதியிலும் நோயாளிக்கு உணவு கொடுத்தார்கள். பசித்த நோயாளியை 'கண்ட்ரோல்' என்று சும்மா விட்டுவிடவில்லை. எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கிளஸ்டர், அதாவது இப்படிப் பகுதி பகுதியாகப் பிரிப்பதுதான் வழி என்று சொல்லவில்லை. 1956இல் நம்ம சென்னையில் தொடங்கிய டிபி ஆய்வில் ஆளாளுக்குத்தான் ரேண்டமைஸ் செய்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் தங்கி மருந்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே அதே மருந்து. யார் எங்கே இருக்கிறார் என்பதை மறைக்கவே முடியாது, நோயாளிக்கும் டாக்டருக்கும் எந்தக் குழு என்று தெரியாமல் வைக்கும் டபுள் பிளைண்டுக்கு வழியே இல்லை. ஆனால் மருந்து அவரவர் வாயில் போகிறது, முடிவைச் சளிப் பரிசோதனை சொல்கிறது. நெரிசலான ஏழை வீடுகளிலேயே செய்து பார்த்ததால்தான் அந்த விடைக்கு அவ்வளவு மதிப்பு. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றுமே என்ற பயத்துக்கும் பதில் வேண்டும் என்று குடும்பங்களை 5 ஆண்டு பின்தொடர்ந்தார்கள்.

நேற்று அந்த டாக்டர் போன் செய்தார். அங்கன்வாடி வாரியாகப் பிரித்தால் எத்தனை அங்கன்வாடி தேவைப்படும் என்று கேட்டார். சரி, கணக்குப் போடலாம். அதற்கு முன் அந்த ஊரில் நாலு வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.