பதிவு செய்யாவிட்டாலும் மெட்டு உங்களுடையதுதான்
பாட்டைப் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை (காப்பிரைட்) வரும் என்கிற மாதிரி ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியில்லைங்க. பாட்டு உருவானதுமே உரிமை நமக்குத்தான், பதிவுச் சான்றிதழ் பின்னால் தகராறு வந்தால் சாட்சிக்கு உதவும், அவ்வளவே. நான் கோத்தகிரி, சீசனில் ஊட்டி, குன்னூர் ரிசார்ட்டுகளில் கிடாரோடு பாடுகிறவன். நாலு வருடம் முன்பு ஒரு ரிசார்ட் விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்து, அதன் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதாக நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன் (முட்டாள்தனம்தான், கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம்). அப்புறம் ஒரு வக்கீல் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை அவர்களுக்கு 5 வருடம்தான், எந்தெந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் தாளில் இரண்டுமே இல்லை! அடுத்த மே மாதம் மெட்டு என் கைக்குத் திரும்பி வருகிறது.