கேட்டா சொல்லுவாவ

மனச்சோர்வு நம்ம ஆளுகளுக்கு உடம்பு வலியாத்தான் வெளிய வரும்னு எழுதிருக்கீங்க, நெசந்தான், அம்பாசமுத்திரத்துல பீடி சுத்துத எங்க சித்தி உச்சந்தல எரியுது, கை காலு ஓய்ச்சலா இருக்குன்னு தைலமும் கையுமாத்தான் கெடந்தாவ, ஸ்கேன் ரத்த டெஸ்ட்டு எல்லாம் நார்மல். அதுக்காக இத நம்மூரு வியாதியாக்கிராதீங்க. 1999ல வந்த 14 நாட்டு ஆய்வுல டிப்ரஷன் உள்ளவங்கள்ல 69 சதவீதம் பேரு டாக்டர்ட்ட உடம்புல உள்ள தொந்தரவ மட்டுந்தான் சொல்லிருக்காவ, நேரா கேட்டப்போ மனசுல ஒண்ணுமில்லன்னவங்க வெறும் 11 சதவீதம். அதுலயும் வழக்கமா பாக்குத டாக்டர் இல்லாத எடத்துலதான் இது ஜாஸ்தியாம். சித்தியும் ஒரு டாக்டரம்மா தூக்கம் வருதா, அழுக வருதான்னு கேட்ட பெறவுதான் மடமடன்னு கொட்டுனாவ. ரெண்டு நிமிஷத்துல ஊசியப் போட்டு அனுப்புத எடத்துல இதெல்லாம் யாரு கேக்கா?